உழைப்பவரின் உருவம்: மும்பை நகர ஓவியத்தின் ஒரு நூற்றாண்டு

பம்பாயின் கிராஃபோர்டு சந்தை 1869இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வாயிலுக்கு மேலே கல்லில் புடைத்து நிற்பவர்கள் இந்திய உழவர்கள். அந்தப் புடைப்புச் சிற்பங்களை வடிவமைத்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். இன்று அந்தச் சந்தைக்கு அருகே இருக்கும் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1865 முதல் கட்டடச் சிற்பம் கற்பித்தவர் அவர். பம்பாயின் அன்றாட வாழ்வைக் கலை தொட்ட தொடக்க இடங்களில் இது ஒன்று. ஆனால் கல்லில் இடம்பெற்றவர் வயலில் உழைப்பவர். அந்த வாயிலின் கீழே நாள்தோறும் மூட்டை சுமந்து போன கூலியாளும், வடக்கே ஆலைகளில் தறி ஓட்டியவரும் பம்பாய் ஓவியத்தின் மையப் பொருளாக வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மும்பை ஓவியத்தின் வரலாறு பெரும்பாலும் பாணிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூட யதார்த்தவாதம், அதன்பின் இந்திய மறுமலர்ச்சிப் பாணி, 1947இல் முற்போக்குக் கலைஞர்கள் குழு, அங்கிருந்து நவீனம் என்று அது வரிசைப்படும். இக்கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது. இந்த நகரத்தை உடலால் தாங்கி நின்ற உழைப்பாளி ஓவியத்துக்குள் எப்போது வந்தார்? யார் கண் வழியாக வந்தார்? எந்த உருவில் வந்தார்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், திருப்புமுனை என்று எல்லோரும் சொல்லும் 1947 அத்தனை பெரிய திருப்பமாகத் தெரிவதில்லை. உண்மையான திருப்பம் 1970களின் பிற்பகுதியில், அதுவும் தொழிலால் மருத்துவர்களாக இருந்த இருவரின் கையில் நிகழ்ந்தது என்பது என் முடிவு.

ஆலை, ரயில், பள்ளி

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. அடுத்த ஆண்டு காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் பருத்தி ஆலை நிறுவனத்தைத் தொடங்கினார். 1857இல் ஜே.ஜே. பள்ளி பிறந்தது. ரயிலும் ஆலையும் ஓவியப் பள்ளியும் ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் (1861–65) அங்கிருந்து பருத்தி வரத்து நின்றுபோனதும் இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. பம்பாய் வணிகர் கையில் பணம் குவிந்தது. பரேல், லால்பாக், வொர்லி வட்டாரம் ஆலைகளால் நிறைந்து, மராத்தியில் 'கிரண்காவ்', அதாவது ஆலை ஊர், என்று பெயர் பெற்றது. ரத்னகிரி முதலிய கொங்கணக் கடலோரப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஒற்றை அறைகள் வரிசையாய் அமைந்த 'சால்' குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

கலைப்பள்ளிக்குள் இந்த நகரம் நுழையவில்லை. அங்கே மாணவர்கள் கிரேக்கச் சிலைகளின் சுண்ண நகல்களைப் பார்த்து உடலை வரையப் பழகினார்கள். ஜான் கிரிஃபித்ஸ் தலைமையில் 1872 முதல் பல ஆண்டுகள் அஜந்தா சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார்கள். இரண்டுமே கடினமான, மதிக்கத்தக்க பயிற்சிகள். ஆனால் ஒன்று கண்ணை ஏதென்சுக்கு அனுப்பியது, மற்றொன்று குகைக்குள் அனுப்பியது. நடுவே இருந்த தெருவைப் பாடமாக்க யாருக்கும் தோன்றவில்லை.

தெருவைப் பார்த்தவர் என்று முதலில் சொல்லத்தக்கவர் எம்.வி. துரந்தர் (1867–1944). கோலாப்பூரிலிருந்து வந்து ஜே.ஜே. பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, நாற்பத்தோரு ஆண்டுகளை அந்த வளாகத்தில் கழித்தவர். அந்த ஆண்டுகளைப் பற்றி மராத்தியில் தன்வரலாறும் எழுதினார். 1900களின் தொடக்கத்தில் அவர் வரைந்த அஞ்சலட்டைகளில் பம்பாய்த் தெருவின் மனிதர்கள் வண்ணத்தில் வந்தார்கள். எஸ்.எம். எட்வர்ட்ஸ் பம்பாயின் சந்துபொந்துகளைப் பற்றி எழுதிய நூலுக்கும் துரந்தரே படம் வரைந்தார். எட்வர்ட்ஸ் 1909 முதல் 1916 வரை பம்பாய் நகரக் காவல் ஆணையராக இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. நகர மக்களை இனம், சாதி, தொழில், உடை என்று வகைப்படுத்தி அறிந்துகொள்ளும் ஆட்சியாளரின் ஆர்வம் அந்த எழுத்தில் உண்டு. படமும் அதற்குத் துணை நின்றது.

துரந்தரின் கோடு உயிருள்ளது. சேலைக் கொசுவத்தையும், இடுப்பில் ஊன்றிய கையையும், நடையின் சாய்வையும் அவரைப் போலப் பிடித்தவர்கள் அன்று குறைவு. ஆனாலும் அவருடைய அஞ்சலட்டையில் வரும் பணிப்பெண்ணுக்குப் பெயரில்லை, வேலையின் களைப்பில்லை. அவர் ஒரு வகைமாதிரி. ஊருக்குத் தபாலில் போகும் வேடிக்கைப் பொருளாகத்தான் உழைப்பவர் முதலில் பம்பாய்ப் படத்துக்குள் வந்தார்.

1940கள்: இரண்டு ஓடைகள்

1947 டிசம்பரில் எஃப்.என். சூசா, எஸ்.எச். ராஸா, எம்.எஃப். ஹுசைன், கே.எச். ஆரா, எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகிய அறுவரும் சேர்ந்து முற்போக்குக் கலைஞர்கள் குழுவை அமைத்தார்கள். நாஜி ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்த ஓவியர் வால்டர் லாங்ஹாமர், விமர்சகர் ருடால்ஃப் ஃபான் லைடன், சேகரிப்பாளர் இம்மானுவேல் ஷ்லேசிங்கர் ஆகியோர் இவர்களுக்கு ஐரோப்பிய நவீனத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். இந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டது. இங்கே விரிக்கத் தேவையில்லை.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறு. இந்த அறுவரில் சிலருக்கு நகரத்தின் உழைப்பு வெறும் கருப்பொருள் அல்ல, சொந்த வாழ்க்கை. ஹுசைன் 1930களில் சாரத்தின் மேல் நின்று சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து கூலி வாங்கியவர். ஆரா சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து வீட்டு வேலையாளாகப் பிழைத்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். சூசா 1945இல் ஜே.ஜே. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், சிறிது காலம் கம்யூனிஸ்ட் கட்சியிலும் இருந்தார். இவர்கள் கையிலிருந்து பம்பாயின் தொழிலாளர் ஓவியம் பிறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

அப்படி நடக்கவில்லை. 1949 ஜூலையில் குழுவின் கண்காட்சியை எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் திறந்துவைத்தார். அதன் பட்டியலில் சூசா எழுதிய முன்னுரை முக்கியமான ஆவணம். தொடக்கத்தில் வகுத்த அறிக்கையில் இருந்த இடதுசாரித் தீவிரத்தைக் கைவிட்டுவிட்டதாக அவர் அதில் அறிவித்தார். கலைஞருக்கும் 'மக்கள்' எனப்படுவோருக்கும் இடையே கடக்க முடியாத பிளவு இருப்பதைப் பணியின்போது கண்டுகொண்டதாகவும் எழுதினார். அதே ஆண்டு அவர் லண்டனுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு ராஸா பாரிசுக்குப் போனார். ராஸா 1940களில் பம்பாய்த் தெருக்களை, மழையில் நனையும் ஃப்ளோரா நீரூற்றுச் சதுக்கத்தை, நீர்வண்ணத்தில் வரைந்தவர். அந்தப் படங்களில் நகரம் ஒளியாகவும் ஈரமாகவும் இருக்கிறது. மனிதர்கள் சிறு தீற்றல்கள். ஆராவின் தொடக்ககாலப் படங்களில் பிச்சைக்காரர் போன்ற விளிம்புநிலை மனிதர்கள் உண்டு. ஆயினும் அவர் பெயர் நிலைத்தது மலர்க்குடுவைகளாலும் நிர்வாண உருவங்களாலும்தான். ஹுசைனுக்கு 1955இல் தேசிய விருது வாங்கித் தந்த 'ஜமீன்' கிராமத்தை வரைந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் முகமாக அன்று கிராமமே கருதப்பட்டது. தன்னை வளர்த்த பம்பாயின் சாரக்கட்டைகளை அவர் தன் மையப் பொருளாக்கவில்லை.

ஒருவர் எந்த வகுப்பில் பிறந்தார் என்பது அவர் எதை வரைவார் என்பதை முடிவு செய்வதில்லை என்பதற்கு ஆராவைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கண்காட்சிக்கூடம் எதை ஓவியம் என்று ஏற்றுக்கொள்கிறது, யார் வாங்குகிறார்கள், எந்தச் சொற்களில் விமர்சகர் பேசுகிறார் என்பவை பிறப்பைவிட வலுவானவை.

அதே பம்பாயில், அதே ஆண்டுகளில், இன்னோர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நவீன ஓவிய வரலாறுகள் அதற்கு உரிய இடத்தை நெடுங்காலம் தரவில்லை. சித்தபிரசாத் பட்டாச்சார்யா 1943இல் வங்கப் பஞ்சத்தை மேதினிபூர் மாவட்டத்தில் நடந்து பார்த்து வரைந்தவர். அவருடைய 'பசித்த வங்கம்' நூலின் 5,000 படிகளையும் ஏறக்குறைய முழுமையாக ஆங்கில அரசு பறித்து எரித்தது. அவர் 1946இல் பம்பாய்க்கு வந்து அந்தேரியில் குடியேறினார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முரசறையும் கலைஞன் சின்னம் அவர் வரைந்ததே. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை வீரர்கள் கிளர்ந்தெழுந்து, அவர்களுக்கு ஆதரவாகத் தொழிலாளர்களும் தெருவில் இறங்கியபோது, அந்தக் கிளர்ச்சி அவருடைய கோட்டில் பதிவானது.

சித்தபிரசாத் தேர்ந்த ஊடகம் லினோலியம் செதுக்குப் படம். ஒருமுறை செதுக்கினால் பல படிகள் எடுக்கலாம், செலவு குறைவு, கருப்பும் வெள்ளையும் மட்டும் போதும். உழைக்கும் குழந்தைகளைப் பற்றிய அவருடைய வரிசையில் குழந்தைகளின் கை வேலைக்குப் பழகிப்போன பெரியவர் கையாகவே இருக்கிறது. சூசா கடக்க முடியாதது என்ற பிளவைக் கடக்க வழி ஊடகத்தில் இருக்கிறது என்று சித்தபிரசாத் நம்பினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். கட்சியிலிருந்து விலகிய பின்னும் அந்த நம்பிக்கையை விடவில்லை. வறுமையிலேயே வாழ்ந்து 1978இல் மறைந்தார். 1947 என்ற ஆண்டை ஒரே குழுவின் பிறந்தநாளாகக் கொண்டாடும் வரலாறு, இவரை இரண்டாம் வரிசையில் நிறுத்தியதால், அடுத்த முப்பது ஆண்டுகளில் எழுந்த கேள்விகளின் வேரைத் தவறவிட்டது.

தையப் மேத்தா (1925–2009) இந்த இரு ஓடைகளுக்கும் வெளியே நிற்பவர். பிரிவினைக் கலவரத்தின்போது முகமது அலி சாலையில் ஓர் இளைஞரைக் கும்பலொன்று கொல்வதைச் சன்னலிலிருந்து பார்த்தார். அந்தக் காட்சி அவரை விட்டு அகலவில்லை. கட்டப்பட்ட காளையும் கீழே விழும் மனித உருவமும் அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பாந்த்ரா கசாப்புக் கூடத்தையும் நகரக் கூட்டத்தையும் இணைத்து 1970இல் அவர் எடுத்த குறும்படத்துக்குத் தமிழ்ச் சொல்லான 'கூடல்' என்றே பெயரிட்டார். மேத்தாவின் உருவங்களில் நகரத்தின் வன்முறை முழுவதும் செறிந்திருக்கிறது. ஆனால் அவை தெருப்பெயர் இல்லாத, தொழில் இல்லாத உருவங்கள். உழைப்பவர் இங்கே குறியீடாகிவிட்டார்.

இரு மருத்துவர்கள்

கீவ் பட்டேல் (1940–2023) பம்பாய் சென்ட்ரல் பகுதியில் பொது மருத்துவராகத் தொழில் செய்தவர். ஆங்கிலக் கவிஞர், நாடகாசிரியர். சுதிர் பட்வர்தன் 1949இல் பிறந்தவர். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 1972இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு பம்பாய் வந்து, 1975 முதல் 2005 வரை தாணேயில் கதிரியக்க மருத்துவராகப் பணிபுரிந்தார். இருவரும் கலைப்பள்ளியில் பயின்றவர்கள் அல்லர். இருவருடைய நாளும் ஏழை, நடுத்தர மக்களின் உடலைத் தொட்டும் படமெடுத்தும் நகர்ந்தது.

மருத்துவப் பார்வை ஓவியத்துக்குள் எதைக் கொண்டுவந்தது என்பது எளிய கேள்வி அல்ல. மருத்துவர் உடலைப் பார்ப்பது அதன் அழகுக்காக அல்ல. எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, எந்த முழங்கால் எடையைத் தவிர்க்கிறது, மூச்சு எங்கே வாங்குகிறது என்று பார்க்கிறார். ஓர் உடல் என்ன வேலை செய்து வந்திருக்கிறது என்பதை அந்த உடலே அவருக்குச் சொல்லிவிடும். அதே சமயம் அந்தப் பார்வையில் அதிகாரமும் உண்டு. நோயாளி திருப்பிப் பார்ப்பதில்லை. பட்வர்தனும் பட்டேலும் இந்த இரண்டையும் உணர்ந்திருந்தார்கள். அவர்கள் படங்களின் தார்மீக வலிமை இங்கேதான் பிறக்கிறது.

கீவ் பட்டேலின் 'கைவண்டியோடு இருவர்' (1979) படத்தில் இரண்டு கூலியாட்கள் வேலைக்கு நடுவே நிற்கிறார்கள். பின்னால் கட்டடங்கள் இளஞ்சிவப்பு ஒளியில் கரைகின்றன. அவர்கள் சுமக்கவில்லை, போராடவில்லை, பரிதாபம் கேட்கவில்லை, பேச்சில் இருக்கிறார்கள். உழைப்பாளியை ஓய்வில் வரைவது அந்நாளில் துணிவான செயல். சுவரொட்டிக் கலை அவரை முஷ்டி உயர்த்தியவராக மட்டுமே அறிந்திருந்தது. கருணைக் கலை அவரைக் குனிந்தவராக மட்டுமே அறிந்திருந்தது. 1980களில் அவர் வரைந்து முடித்த 'லாமிங்டன் சாலையை ஒட்டி' என்ற பெரிய படத்தில் தெருக்கூட்டம் முழுவதும் வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள்.

பட்வர்தனின் 'இரானி உணவகம்' 1977இல் வந்தது. பாரசீகக் குடியேறிகள் நடத்திய, சலவைக்கல் மேசைகள் போட்ட அந்தத் தேநீர்க் கடைகள் பம்பாயில் எல்லா வகுப்பினரும் உட்காரக்கூடிய அரிய இடங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து 'ரயில்' (1980), அடுத்த ஆண்டு 'மேம்பாலம்' (1981). புறநகர் ரயில் பெட்டியின் நெரிசலில் உடல்கள் ஒன்றோடொன்று அழுந்தும்போது தனிமனிதர் என்ற கருத்தே நெருக்கடிக்கு உள்ளாகிறது. பட்வர்தன் அந்த நெருக்கடியில் ஒவ்வொரு முகத்துக்கும் அதன் எடையைத் திருப்பித் தர முயல்கிறார். செஸானிடமிருந்தும் ஃபெர்னான் லெஜேயிடமிருந்தும் அவர் கற்றது உருவத்துக்குக் கனம் கொடுக்கும் கலை. லெஜே பிரெஞ்சுத் தொழிலாளியை எந்திரத்தின் உறுப்பைப் போல உருளையாக்கினார். பட்வர்தன் அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு எந்திரத்தை விலக்கினார். அவருடைய ஆள் தடித்த கழுத்தும் களைத்த கண்ணும் கொண்டவர். எந்த ரயிலிலும் நம் எதிரே உட்கார்ந்திருக்கக் கூடியவர்.

'மேம்பாலம்' படத்தில் பார்வையின் இடமே கருப்பொருளாகிறது. நடைமேம்பாலத்தில் நிற்பவரின் கீழே தண்டவாளங்கள் விரிகின்றன, நகரம் வளைந்து சூழ்கிறது. மேம்பாலம் மாளிகையின் மேல்மாடம் அல்ல. ரயில் பிடிக்கப் போகிறவர் எவரும் ஏறும் இடம். நகரம் முழுவதையும் பார்க்கும் உரிமை அன்றாடப் பயணிக்கு உண்டு என்று அந்தப் படம் நிறுவுகிறது. பின்னர் வந்த 'ஊர்' (1984) போன்ற பெரிய படங்களில் ஒரே புள்ளியிலிருந்து பார்க்கும் ஐரோப்பியக் காட்சிமுறையைக் கைவிட்டார். பல கோணங்கள் ஒரே திரையில் சேர்கின்றன.

பட்வர்தன் 1970களின் மார்க்சிய வாசிப்பில் உருவானவர். தன் உருவங்களில் அந்த மனிதர்களே தங்களைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதைத் தன் நோக்கமாக எழுதியிருக்கிறார். சூசா 1949இல் மூடிய கேள்வியை அவர் மீண்டும் திறந்தார் என்பதே என் வாசிப்பு. அதை அறிக்கையால் அல்ல, உருவத்தின் நம்பகத்தன்மையால் திறந்தார். வரையப்பட்டவர் கண்காட்சிக்கு வந்து 'இது நான்' என்று சொல்ல முடிய வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத படம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அவருக்குப் போதவில்லை. பிற்காலத்தில், 2008–09இல், இந்திய நவீன ஓவியங்களின் கண்காட்சி ஒன்றைத் தொகுத்து மகாராஷ்டிரத்தின் பல ஊர்களுக்கு எடுத்துச் சென்றதும் அந்தக் கவலையிலிருந்து வந்த செயலே.

இந்த மாற்றம் தனித்து நிகழவில்லை. 1981 நவம்பரில் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்ற கண்காட்சி நடந்தது; தில்லிக்கும் சென்றது. பட்வர்தனோடு பூபேன் கக்கர், நளினி மலானி, குலாம் முகமது ஷேக், ஜோகன் சௌத்ரி, விவான் சுந்தரம் ஆகியோர் பங்கேற்றார்கள். மனித உருவத்தின் பக்கம் நின்று விமர்சகர் கீதா கபூர் அதற்குக் கட்டுரை எழுதினார். அருவ ஓவியம் உயர்ந்தது, கதை சொல்லும் ஓவியம் பின்தங்கியது என்ற எண்ணத்தை அந்தக் கண்காட்சி உடைத்தது. நவ்ஜோத், அல்தாஃப் முகமதி ஆகியோர் இதற்கு முன்பே 1970களில் முற்போக்கு இளைஞர் இயக்கத்தில் சேர்ந்து சுவரொட்டிகள் செய்துகொண்டிருந்தார்கள். சித்தபிரசாதின் ஓடை இவ்வாறு மண்ணுக்கு அடியில் ஓடி மீண்டும் மேலே வந்தது.

வேலைநிறுத்தமும் கலவரமும்

உழைப்பாளியின் உருவம் திரையில் முழுமை பெற்ற அதே வேளையில் தரையில் அவருடைய இடம் சரிந்தது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓராண்டுக்கும் மேல் நீண்ட அந்தப் போராட்டம் முறையாகத் திரும்பப் பெறப்படவே இல்லை. வேலை இழந்தவர்கள் திரும்ப அழைக்கப்படவில்லை. 1991இல் வந்த நில மேம்பாட்டு விதி ஆலை நிலங்களை விற்க வழி திறந்தது. நிலத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் போக வேண்டும் என்ற நிபந்தனை 2001இல் செய்த திருத்தத்தால் வலுவிழந்தது. உச்ச நீதிமன்றம் 2006இல் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஃபீனிக்ஸ் ஆலை வணிக வளாகமாயிற்று.

பட்வர்தனின் 'லோயர் பரேல்' (2001) இந்த மாற்றத்தின் நடுவே வரையப்பட்டது. முந்தைய படங்களில் முன்னே வந்து நம்மைப் பார்த்த உருவங்கள் இங்கே கட்டடத்துக்கும் மேம்பாலத்துக்கும் இடையே சிறுத்துவிட்டன. ஓவியரின் அக்கறை குறைந்தது என்று இதைப் படிப்பது தவறு. நகரம் உழைப்பாளிக்கு விட்டுவைத்த இடத்தின் அளவையே அவர் வரைந்தார். ஏழு பலகைகளில் அமைந்த 'மும்பைப் பழமொழிகள்' (2014) ஆலைக் காலத்திலிருந்து கண்ணாடிக் கோபுரக் காலம் வரை இந்த வரலாற்றைத் தொடர்கிறது.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. 1993 மார்ச் 12 அன்று நகரில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தார்கள். அதுவரை ஓவியர்கள் நம்பியிருந்த 'உழைக்கும் மக்கள்' என்ற ஒற்றை உருவம் அந்தத் தெருக்களில் சிதறியது. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், ஒரே சாலில் குடியிருந்தவர்கள், மதத்தால் பிரிந்து நின்றார்கள். கித்தானில் எண்ணெய் வண்ணம் போதாது என்ற உணர்வு பலருக்கும் வந்தது. விவான் சுந்தரம், கலவரத்தில் இறந்து தெருவில் கிடந்த ஒருவரின் நாளிதழ்ப் புகைப்படத்தை மையமாக்கி 'நினைவிடம்' (1993) என்ற நிறுவு கலையைப் படைத்தார். அடக்கம் கிடைக்காத அந்த உடலுக்குக் கலைக்கூடத்தில் ஒரு கல்லறை எழுப்பினார்.

நளினி மலானியின் கலைக்கூடம் கிராஃபோர்டு சந்தையை ஒட்டிய லோஹார் சாலில் இருந்தது. மின்சாதனக் கடைகளும் சுமைதூக்குவோரும் நிறைந்த அந்தச் சந்தில் கண்டவர்களை அவர் 1989 முதல் வரிசை வரிசையாக வரைந்தார். 1992இல் செமோல்டு கலைக்கூடத்தின் சுவர்களிலேயே நேரடியாக வரைந்த 'ஆசைகளின் நகரம்' கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடிக்கப்பட்டது. விற்க முடியாத, எடுத்துச் செல்ல முடியாத ஓவியம் அது. ராஜஸ்தானின் நாத்துவாரா ஊரிலுள்ள பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரின்றி அழிவதையும் அது எண்ணிப் பார்த்தது. நகரம் அங்கே வாழ்பவர்களை எப்படிச் சுவடின்றித் துடைக்கிறது என்பதை அந்த வெள்ளைச் சுவர் சொன்ன அளவுக்கு எந்த விளக்கமும் சொல்ல முடியாது.

காட்கோபரில் வளர்ந்த அதுல் தோடியா 2001இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த 'செஞ்சுரி சிட்டி' கண்காட்சிக்காகக் கடைகளின் உருளும் இரும்புக் கதவுகளில் வரைந்தார். அதன் பம்பாய்ப் பகுதியைத் தொகுத்தவர்கள் கீதா கபூரும் ஆஷிஷ் ராஜாத்யக்ஷாவும். கலவரத்திலும் பந்த் நாள்களிலும் முதலில் இறங்குவது அந்தக் கதவுதான். மூடியிருக்கும்போது ஒரு படம், தூக்கினால் உள்ளே வேறொரு படம். ஜிதிஷ் கல்லாட்டின் 'விடியல் கூட்டிசை' வரிசையில் (2007) தெருச் சிறுவர்களின் தலைமுடியாக நகரமே சிக்கிக் கிடக்கிறது. அவை கண்ணைக் கவரும் படங்கள். எனினும் அந்தப் பளபளப்பில் சிறுவர்கள் மீண்டும் வகைமாதிரியாகும் அபாயம் இருக்கிறது. உலகச் சந்தை இந்தியக் கலையை வாங்கத் தொடங்கிய அந்த ஆண்டுகளில் இந்த அபாயத்தைத் தவிர்த்தவர்கள் சிலரே.

சாதி என்ற விடுபட்ட பக்கம்

இதுவரை சொன்ன வரலாற்றில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. 'தொழிலாளி' என்ற சொல் ஓவியர்களுக்கும் விமர்சகர்களுக்கும் சாதியற்ற சொல்லாக இருந்தது. ஆலை அப்படி இருந்ததில்லை. கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூல் கோக்கும்போது வாயால் உறிஞ்ச வேண்டும், அதனால் தீட்டு என்பதே காரணம். 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்த அநீதியைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் எழுப்பினார். அவரே பரேலின் சால் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தவர். 1972இல் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்ததும் இதே நகரத்தில்தான். மராத்திக் கவிதை அந்த அதிர்வை உடனே வாங்கிக்கொண்டது. கலைக்கூடங்களின் ஓவியம் அதற்கு ஈடான வேகத்தில் வாங்கிக்கொள்ளவில்லை. பட்வர்தனின் உருவங்களில் உடலின் உண்மை முழுமையாக இருக்கிறது. அந்த உடலின் சாதி வரலாறு அங்கே மௌனமாக இருக்கிறது. அவருடைய கலையை மதிப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

அந்த மௌனத்தை உடைத்தவர்கள் சால்களிலும் குடிசைப் பகுதிகளிலும் மீனவர் குப்பங்களிலும் வளர்ந்த தலைமுறை. புகைப்படக்காரர் சுதாரக் ஓல்வே மும்பை மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து பதிவு செய்தார். சாக்கடைக்குள் இறங்கும் அந்த உடல்கள் எந்தச் சாதியினவை என்பதை மறைக்காத பதிவு அது. 1987இல் பிறந்த அமோல் பாட்டீலின் தாத்தா 'போவாடா' பாடிய நாட்டுப்புறக் கவிஞர், தந்தை நாடகாசிரியர். துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வும் சாலின் அறைகளும் அவர் படைப்புகளின் மூலப்பொருள். 2022இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த டாக்குமெண்டா 15ஆம் கண்காட்சியிலும், மறு ஆண்டு லண்டன் ஹேவர்டு கலைக்கூடத்திலும் அவை இடம்பெற்றன. அவருடைய வெண்கல உருவங்களில் முழு மனிதரைவிடக் கையும் காலுமே அதிகம். ஓவியர் விக்ராந்த் பிசே உழைப்பையும் அம்பேத்கரிய இயக்கத்தின் நினைவையும் ஒரே திரையில் சேர்க்கிறார். வகுப்பையும் சாதியையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. தாணேயின் செந்தணி கோலிவாடாவைச் சேர்ந்த பராக் தண்டேல், நகரம் தோன்றும் முன்பே அங்கே வலை வீசிய கோலி மீனவர்களின் பக்கத்திலிருந்து மும்பையைப் பார்க்கிறார். ரயிலும் ஆலையும் வந்தது அவர்களுக்கு நகரத்தின் தொடக்கம் அல்ல, கடற்கரை பறிபோனதன் தொடக்கம்.

துரந்தரின் அஞ்சலட்டைக்கும் பாட்டீலின் வெண்கலக் கைக்கும் இடையே ஏறக்குறைய 120 ஆண்டுகள். வரையப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று வரைபவர்கள். ஆனால் பிறப்பு மட்டும் கருப்பொருளைத் தந்துவிடாது என்பதை ஆரா காட்டினார். இந்தத் தலைமுறைக்கு ஆராவுக்குக் கிடைக்காதவை கிடைத்திருக்கின்றன: அம்பேத்கரிய இயக்கம் தந்த மொழி, தலித் இலக்கியம் உருவாக்கிய வாசகர், சித்தபிரசாத் முதல் பட்வர்தன் வரை உருவத்துக்காகப் போராடி வென்ற இடம். பட்வர்தன் தன் மனிதர்களின் உடலை அத்தனை நேர்மையாகப் பார்க்கவில்லை என்றால், அந்த உடலுக்குள் மறைந்திருந்த சாதியைக் கேள்விக்கு உட்படுத்தும் இடமும் கிடைத்திருக்காது. எனவே இந்தப் புதிய படைப்புகளை மும்பை ஓவிய வரலாற்றின் கடைசி அத்தியாயமாக ஒட்டவைப்பது போதாது. அவற்றின் வெளிச்சத்தில் முன் அத்தியாயங்கள் திருத்தி எழுதப்பட வேண்டும். சித்தபிரசாதுக்கு 1947இன் மையத்தில் இடம் தரப்பட வேண்டும்.

அந்த வேலை இப்போது நடக்க வேண்டும். ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. 1920களில் பம்பாய் மேம்பாட்டுத் துறை கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லியிலும் நாய்காவிலும் டிலைல் சாலையிலும் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிகளாக எழுந்துகொண்டிருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்களின் வீட்டுச் சுவரிலும் பெட்டியிலும் இருக்கும் படங்கள், சங்கப் பதாகைகள், விழாக்களுக்கு எழுதிய பலகைகள் எல்லாம் அந்த இடமாற்றத்தில் தொலையக்கூடியவை. அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் குடும்பங்களிடம் நேரில் சென்று அவற்றைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும்.